காம்பிலிருந்து கழன்ற இரும்பு

விவிலியத்தின் உபாகமம் நூல், 19ஆம் அதிகாரத்தில் ஒரு விபத்தைச் சொல்கிறது. இரண்டு பேர் விறகு வெட்டக் காட்டுக்குப் போகிறார்கள். ஒருவன் கோடரியை ஓங்குகிறான். இரும்பு காம்பைவிட்டுக் கழன்று பறந்து, கூட வந்தவன்மேல் பட்டு, அவன் செத்துப்போகிறான். இருவருக்கும் இடையே முன்பகை எதுவும் கிடையாது. வெட்டியவனை என்ன செய்வது?

அவன் அடைக்கலப் பட்டணம் ஒன்றுக்கு ஓடிப்போக வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். இதற்கென்றே ஆறு பட்டணங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. செத்தவனின் உறவினன் பழிவாங்கத் துரத்தி வந்தாலும் பட்டணத்து எல்லைக்குள் அவனைத் தொட முடியாது. எல்லையைத் தாண்டி வெளியே வந்தால் மட்டும் அந்தக் காப்பு போய்விடும். பிரதான ஆசாரியர் இறக்கும்வரை அவன் அங்கேதான் வாழ வேண்டும். கொலைகாரனுக்குரிய தண்டனை அவனுக்கு இல்லை. ஒன்றுமே நடக்காததுபோல வீட்டுக்குத் திரும்பவும் வழியில்லை. பிற்கால யூத ஆசான்கள் மிஷ்னாவில் இதே கோடரியை எடுத்து வைத்துக்கொண்டு வாதாடியிருக்கிறார்கள். காம்பிலிருந்து இரும்பு கழன்றதா, வெட்டுப்பட்ட மரத்திலிருந்து சிராய் தெறித்ததா? இந்த இரண்டில் எதற்கு ஒருவன் பட்டணத்துக்கு ஓட வேண்டும் என்பதில் அவர்களிடையே ஒற்றுமை இல்லை.

காம்பு இறுகியிருக்கிறதா என்று பார்க்காமல் ஓங்கிய கை. விமானங்களைப் பழுதுபார்க்கும் கொட்டகைகளில் இன்று எழும் அறக்கேள்வியும் இதுவேதான். அங்கே கழன்று விழுவது ஒரு இரும்புத் துண்டு. அடியில் நிற்பவர்கள் நூற்றுக்கணக்கானோர்.

1990 ஜூன் 9 விடியற்காலை, இங்கிலாந்தின் பர்மிங்காம் விமான நிலையம். பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனத்தின் பிஏசி ஒன்-இலெவன் விமானம் ஒன்றில் கேப்டன் பக்கத்துக் கண்ணாடியை மாற்ற வேண்டியிருந்தது. இரவு ஷிப்டில் ஆள் குறைவு. மேற்பார்வை பார்க்க வேண்டிய ஷிப்ட் மேலாளர் தானே வேலையில் இறங்கினார். பழைய போல்ட்டுகளைக் கழற்றினார். அவற்றில் பெரும்பாலானவை ஏ211-7டி வகை. உரிய போல்ட்டோ ஏ211-8டி. அது 7டி-யைவிடக் கொஞ்சம் நீளம். அதாவது முன்பு கண்ணாடி பொருத்தியவர்களே குட்டைப் போல்ட்டுகளைத்தான் போட்டிருந்தார்கள். அந்தக் குட்டைப் போல்ட்டுகளோடு விமானம் நான்கு ஆண்டுகள் பறந்து, ஒரு குறையும் இல்லாமல் இறங்கியிருந்தது.

ஸ்டோரில் இருந்தவர் அந்த வேலைக்கு 8டி-தான் போடுவார்கள் என்று சொன்னார். மேலாளருக்கு அது மனதில் ஏறவில்லை. கழற்றியது 7டி, ஆகவே போட வேண்டியதும் 7டி என்று முடிவுகட்டினார். ஸ்டோரில் 7டி போதிய அளவு இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு, விமான நிலையத்தின் வேறொரு பகுதியில் ஆளில்லாமல் கிடந்த உதிரிபாக அலமாரிக்குப் போனார். அங்கே வெளிச்சம் மங்கல். பழைய போல்ட் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, கண்ணாலும் விரலாலும் ஒப்பிட்டுப் பார்த்து 84 போல்ட்டுகளை அள்ளிக்கொண்டார். அவர் எடுத்தது 8சி வகை. விட்டத்தில் 0.66 மில்லிமீட்டர் குறைவு.

முடுக்கும்போதாவது தெரிந்திருக்க வேண்டும். குறித்த இறுக்கம் வந்ததும் விட்டுக்கொடுக்கும்படி அமைத்த ஸ்க்ரூடிரைவரைத்தான் அவர் பயன்படுத்தினார். ஆனால் மெல்லிய போல்ட்டின் மரை நட்டுக்குள் வழுக்குவதும், கருவி விட்டுக்கொடுப்பதும் கைக்கு ஒன்றுபோலவே இருந்தன. எட்டிச் சாய்ந்து வேலை செய்ததால் போல்ட்டின் தலை குழிக்குள் அதிகம் இறங்கிக் கிடந்ததும் கண்ணில் படவில்லை. மொத்தம் 90 இடங்கள். 84-இல் மெல்லிய போல்ட்; மிச்சம் ஆறில் தடிமன் சரி, நீளம் போதாது. இன்னொருவர் வந்து சரிபார்க்க வேண்டிய வேலைகளின் பட்டியலில் கண்ணாடி மாற்றுவது சேர்க்கப்படவில்லை. அவரே செய்தார், அவரே கையெழுத்திட்டார்.

27 மணி நேரத்துக்குப் பிறகு, ஜூன் 10 காலை, மலாகாவுக்குக் கிளம்பிய அந்த விமானம் 17,300 அடி உயரத்தில் இருந்தபோது கண்ணாடி பெயர்ந்து வெளியே பறந்தது. கேப்டன் டிம் லங்காஸ்டர் இடுப்புக்கு மேல் விமானத்துக்கு வெளியே இழுக்கப்பட்டார். பணியாளர் நைஜல் ஆக்டன் பாய்ந்து அவரைப் பிடித்துக்கொண்டார். அவர் கை சோர்ந்ததும் மற்றவர்கள் பிடித்தார்கள். கேப்டன் இறந்துவிட்டார் என்றே எல்லாரும் நினைத்தார்கள்; இருந்தும் விடவில்லை. துணை விமானி அலஸ்டேர் ஆட்சிசன் விமானத்தை சவுத்தாம்ப்டனில் இறக்கினார். 87 பேரும் பிழைத்தார்கள். லங்காஸ்டர் சில மாதங்களில் மீண்டும் பறக்கத் தொடங்கினார்.

அந்த மேலாளர் பாவம் செய்தாரா?

இந்தக் கேள்வியை இந்திய மரபு வேறு சொற்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கேட்டுவந்திருக்கிறது. மஜ்ஜிம நிகாயத்தில் உபாலி என்ற நாளந்தைச் செல்வர் வருகிறார். அவர் சமணர்; செயல்களில் உடலால் செய்யும் வினைதான் கனமானது என்று வாதிட புத்தரிடம் போகிறார். மனத்தால் செய்யும் வினைதான் கனமானது என்பது புத்தர் தரப்பு. சமணர்களின் சூத்திரகிருதாங்கம் இந்தப் பௌத்தக் கொள்கையைப் பிய்த்து எடுக்கும் விதம் மறக்க முடியாதது. பிண்ணாக்குக் கட்டியை மனிதன் என்று நினைத்துக் குத்தினால் கொலையாம். குழந்தையைச் சுரைக்காய் என்று நினைத்து நெருப்பில் வாட்டினால் குற்றம் இல்லையாம். எண்ணம்தான் எல்லாம் என்றால் இங்கேதானே வந்து நிற்க வேண்டும்?

ஒன்றை மற்றொன்றாக நினைத்து எடுத்த கையைப் பற்றிய விவாதம் இது. 8சி-யை 7டி என்று எடுத்த கைக்கும் பொருந்தும். எண்ணத்தைப் பார்த்தால் மேலாளரிடம் ஒரு களங்கமும் இல்லை. ஆள் இல்லாத இரவில் தானே கண்ணாடியைச் சுமந்தவர் அவர். விளைவைப் பார்த்தால், 87 பேரைச் சாவின் விளிம்புவரை கொண்டுபோனவர்.

இந்த இழுபறிக்கு நடுவே உறுதியான ஒரு விடை குந்தகுந்தரிடம் கிடைக்கிறது. வந்தவாசிக்கு அருகே பொன்னூர் மலையில் தவம் இருந்ததாகச் சமண மரபு போற்றும் அதே குந்தகுந்தர். பிரவசனசாரத்தில் அவர் சொல்வதன் சாரம் இது: கவனமின்றி நடப்பவனுக்கு, உயிர் செத்தாலும் சாகாவிட்டாலும், இம்சை உறுதி. கவனத்தோடு நடப்பவனுக்கு, ஓர் உயிர் போய்விட்டது என்பதால் மட்டும் வினை ஒட்டாது. எண்ணத்துக்கும் விளைவுக்கும் நடுவில், கவனம் என்ற மூன்றாவது இடத்தில் அவர் குற்றத்தை வைக்கிறார். திருவள்ளுவர் பொச்சாவாமைக்கு, அதாவது மறதியில்லாமைக்கு, ஒரு முழு அதிகாரம் ஒதுக்கி, அதைத் துறவிகளுக்குச் சொல்லாமல் ஆளுகிறவர்களுக்குச் சொல்வதும் இதையொட்டிச் சிந்திக்கத் தக்கது. பிறர் உயிர் கையில் இருப்பவரின் மறதிக்கு எடை கூடுதல்.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு பர்மிங்காமுக்குத் திரும்பினால் இன்னொரு மனிதர் கண்ணுக்குத் தெரிகிறார். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அதே கண்ணாடிச் சட்டகத்தில் குட்டைப் போல்ட்டுகளைப் போட்டவர். அவரும் எண்ணைச் சரிபார்க்கவில்லை. கண்ணாடி பெயரவில்லை என்பதால் அவரை யாரும் தேடவில்லை. குந்தகுந்தரின் கணக்கில் அவரும் மேலாளரும் ஒரே வரிசை.

1996 அக்டோபர் 2 அன்று லிமாவிலிருந்து கிளம்பிய ஏரோபெரு விமானம் ஒன்று கடலில் விழுந்து 70 பேரும் மாண்டார்கள். விமானத்தைக் கழுவித் துடைப்பதற்காகக் காற்றழுத்தத்தை அளக்கும் துளைகள்மேல் ஒட்டிய டேப்பை உரிக்க மறந்திருந்தார்கள். வெள்ளி நிற உடம்பில் வெள்ளி நிற டேப். கிளம்பும் முன் சுற்றிப் பார்த்த விமானிக்கும் அது தெரியவில்லை. இரவில், கடலுக்கு மேலே, உயரம் காட்டும் கருவி சுமார் 9,700 அடி என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தபோதே இறக்கை தண்ணீரில் இடித்தது. டேப் ஒட்டிய தொழிலாளி பின்னர் நீதிமன்றத்தில் குற்றவாளி ஆனார். 2018 ஜூலை 18 அன்று பிரிஸ்பேனில் மலேசியன் ஏர்லைன்ஸ் ஏர்பஸ் ஒன்று கிளம்பியது. குளவி கூடு கட்டாமல் இருக்க வேகமானிக் குழாய்களுக்குப் போட்ட உறைகளை யாரும் எடுக்கவில்லை. வேகம் எவ்வளவு என்றே தெரியாமல் அந்த விமானிகள் ஏறி, வட்டமடித்து, பத்திரமாக இறக்கினார்கள். மறதியில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. முதலாவதன் பெயரில் ஒருவர் குற்றவாளி. இரண்டாவதில் ஒருவருக்கும் காயமில்லை.

இந்தத் தற்செயல் அறத்தைக் குலைக்கிறது என்பதை 1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரண்டு தத்துவவாதிகள் ஒரே கருத்தரங்கில் எழுப்பினார்கள். வில்லியம்ஸ் ஒரு லாரி ஓட்டுநரைக் காட்டினார். தன்மேல் தவறே இல்லாமல் ஒரு குழந்தைமேல் வண்டி ஏற்றிவிட்டவர். பக்கத்தில் நின்று பார்த்தவருக்கும் துயரம்தான். ஆனால் ஓட்டுநரின் துயரம் வேறு வகை. அவரிடம் போய் ‘உங்கள்மேல் தப்பில்லை’ என்று நாம் சொல்வோம், சொல்லத்தான் வேண்டும். அவர் சட்டென்று தேறி எழுந்து போய்விட்டாலோ, அவரைப் பற்றி நமக்கு ஏதோ நெருடும். குந்தகுந்தரின் நேர்கோட்டுக் கணக்கில் அகப்படாத ஒன்றை வில்லியம்ஸ் தொட்டுவிட்டார். குற்றம் கவனக்கேட்டில் இருக்கலாம். பாரம் கையில்தான் இருக்கிறது.

அந்தப் பாரத்தை எங்கே இறக்கிவைப்பது?

தமிழர்கள் சிறுவயதில் கேட்ட விடை ஒன்று உண்டு. திருவாரூரில் இளவரசனின் தேர்க்காலுக்குள் கன்று தானே துள்ளிவந்து விழுந்தது. அவனுக்கு அது தெரியாது. பிராயச்சித்தம் செய்யலாம் என்று அமைச்சர்கள் சொன்னதை மனுநீதிச் சோழன் ஏற்கவில்லை. மகன்மேல் தேரை ஏற்ற ஆணையிட்டான். ஆணை பெற்ற அமைச்சர் தன் உயிரையே விட்டார். கடைசியில் அரசனே தேரை ஓட்டினான். பெரியபுராணத்தில் படிக்கும் எவரும் அந்த உறுதியின் முன் தலைவணங்குவார்கள். ஆனால் கதை முடியும் இடத்தைக் கவனிக்க வேண்டும். சிவபெருமான் தோன்றுகிறார்; கன்றும் இளவரசனும் அமைச்சரும் எழுகிறார்கள். அந்த நீதியைத் தாங்கி நிறுத்துவது அந்த அருள். அருளை எடுத்துவிட்டால் தேரடியில் மிஞ்சுவது மூன்று உடல்கள்.

அருள் வராத தேரடி ஒன்றை 1985 ஆகஸ்ட் 12 அன்று ஜப்பான் கண்டது. டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்குப் பறந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் 123 குன்மா மாநிலத்து மலையில் மோதி 520 பேர் இறந்தார்கள், நால்வர் பிழைத்தார்கள். ஏழு ஆண்டுகளுக்கு முன் அந்த விமானம் ஒசாகாவில் இறங்கும்போது வால் தரையில் உரசியிருந்தது. உள்ளிருக்கும் காற்றழுத்தத்தைத் தாங்கும் பின்சுவரை போயிங் ஆட்கள் வந்து பழுதுபார்த்தார்கள். இணைப்பில் ஒரே தகடாக வைக்க வேண்டியதை இரண்டு துண்டாக வைத்தார்கள். அதனால் சுமை ஒற்றை ரிவெட் வரிசைமேல் விழுந்தது. 12,319 தடவை பறக்கும்வரை அது தாக்குப்பிடித்தது. பிறகு சுவர் வெடித்து, வாலின் செங்குத்துப் பகுதி பறந்து, விமானத்தைத் திருப்ப உதவும் எண்ணெய்க் குழாய்கள் அத்தனையும் வற்றிப்போயின. விமானிகள் 32 நிமிடம் போராடினார்கள்.

தவறை போயிங் ஒப்புக்கொண்டது. ஜப்பான் ஏர்லைன்ஸின் பராமரிப்பு மேலாளர் ஒருவர் தன் உயிரைப் போக்கிக்கொண்டார். அந்த விமானத்தைச் சோதித்துப் பறக்கத் தகுதியானது என்று அனுமதித்த பொறியாளர் ஒருவரும் பின்னர் அப்படியே இறந்தார். தகட்டை வெட்டியவர்கள் அவர்கள் இருவரும் இல்லை. அந்தச் சாவுகளை மானத்தின் பெயரால் போற்றும் குரல் எழுந்தால் அதை மறுக்க வேண்டும். 520 பேரில் ஒருவரும் அதனால் மீளவில்லை. அந்த இருவரும் கடைசிவரை உயிரோடு இருந்து, எதைப் பார்த்தோம், எதைப் பார்க்கத் தவறினோம் என்று சொல்லியிருக்கக்கூடிய ஒரு பட்டணம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

விமானத் துறை தன் வழியில் அப்படி ஒரு பட்டணத்தைக் கட்ட முயன்றிருக்கிறது. சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான சிகாகோ உடன்படிக்கையின் 13ஆம் இணைப்பு, விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பதுதான், பழி சுமத்துவது அதன் வேலை இல்லை என்கிறது. அமெரிக்காவில் 1976 முதல் நாசா ஒரு அறிக்கைத் திட்டத்தை நடத்துகிறது. விமானியோ மெக்கானிக்கோ தன் தவறைத் தானே எழுதி அனுப்பலாம். பெயரை நீக்கிவிடுவார்கள். தெரியாமல் செய்த விதிமீறலை 10 நாளுக்குள் தெரிவித்தவர்மேல் வழக்கமாக அபராத நடவடிக்கை வராது. பர்மிங்காம் போல்ட்டின் குறையை மில்லிமீட்டரின் பின்னம்வரை உலகம் தெரிந்துகொண்டதற்கும் காரணம், அந்த மேலாளர் அன்றிரவு எங்கே போனார், எதை எடுத்தார், ஏன் எடுத்தார் என்பது ஒளிவில்லாமல் விசாரணையில் பதிவானதுதான்.

சொன்னதால் கிடைத்த பலனுக்கு இன்னொரு சான்று. 1983 மே 5 அன்று மயாமியிலிருந்து நசாவு நகரத்துக்குப் போன ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானத்தில் 172 பேர். மூன்று எஞ்சின்களிலும் எண்ணெய் கசிந்து, ஒன்றன்பின் ஒன்றாக மூன்றும் நின்றன. முதலில் அணைத்த எஞ்சினை மறுபடி இயக்கி மயாமியில் இறக்கினார்கள். எஞ்சினில் உலோகத் துகள் சேர்கிறதா என்று பார்க்கும் செருகியில் இருக்க வேண்டிய சின்ன ரப்பர் வளையங்கள் மூன்றிலும் இல்லை. வழக்கமாக மெக்கானிக்குகளின் கைக்கு வரும் செருகிகள் வளையத்தோடுதான் வரும். அன்று வளையமில்லாதவை வந்தன. இருட்டில், பழக்கத்தில், போட்டுவிட்டார்கள். ஒரே ஆள் ஒரே இரவில் எல்லா எஞ்சினிலும் கை வைக்கக் கூடாது என்ற எச்சரிக்கை, நெடுங்கடல் தாண்டும் இரட்டை எஞ்சின் விமானங்களுக்கான விதிகளில் பின்னர் இடம்பிடித்தது. மனிதக் கை தவறும் என்பதை ஒப்புக்கொண்டு, அந்தத் தவறு ஒரு எஞ்சினோடு நிற்கும்படி வேலையைப் பிரித்துவைத்த ஏற்பாடு இது. இதில் பணிவு இருக்கிறது.

இருந்தும் இந்த நவீனப் பட்டணத்தின் வாசல் விசித்திரமானது. நாசா திட்டத்தின் காப்பு விபத்துகளுக்குக் கிடையாது. கோடரி கழன்று புதரில் விழுந்தால் உள்ளே வரலாம். ஆள்மேல் விழுந்தால் கதவு திறக்காது. உபாகமத்தின் பட்டணமோ ஆள்மேல் விழுந்தவனுக்காகவே கட்டப்பட்டது. அதிர்ஷ்டம் பிரித்துவைத்த இரண்டு பேரை, நாமும் அதே கோட்டில் பிரித்துக்கொண்டிருக்கிறோம்.

மறுபக்கத்திலும் ஆபத்து உண்டு. ‘அமைப்பின் கோளாறு’ என்று சொல்லிச் சொல்லியே மனிதனிடமிருந்து அவன் செயலைப் பறித்துவிடுவது. 1991 செப்டம்பரில் கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் விமானம் டெக்சாஸில் விழுந்து 14 பேர் இறந்தார்கள். முந்தைய இரவு, வாலின் உச்சியில் உள்ள கிடைச்சிறகின் மேல்பக்கத்திலிருந்து 47 திருகாணிகளைக் கழற்றியிருந்தார்கள். ஷிப்ட் மாறியது, வேலை பாதியில் நிற்கிறது என்ற தகவல் அடுத்தவர்களுக்கு முழுதாகப் போய்ச் சேரவில்லை. தரையில் நிற்பவர் கண்ணுக்கு அந்த மேல்பக்கம் தெரியாது. காலையில் ஒருமுறை ஒழுங்காகப் பறந்தது, திரும்பும்போது விழுந்தது. பராமரிப்பாளர்களும் சோதகர்களும் நடைமுறையைப் பின்பற்றவில்லை என்று விசாரணை வாரியம் முதன்மைக் காரணம் எழுதியது. வாரிய உறுப்பினர்களில் ஒருவரான ஜான் லாபர், உளவியல் படித்தவர், தனியாக மறுப்பு எழுதினார். ஒழுங்கை வளர்க்கத் தவறிய நிர்வாகத்தையும் காரணத்தில் சேர்க்க வேண்டும் என்றார். லாபர் சொன்னது சரி. ஆனால் அவர் மெக்கானிக்குகளின் பெயரை அழித்துவிட்டு நிர்வாகத்தின் பெயரை எழுதச் சொல்லவில்லை. இரண்டும் ஒரே வாக்கியத்தில் நிற்க வேண்டும் என்றுதான் கேட்டார். தன் கையெழுத்துக்குப் பொருள் உண்டு என்று நம்புகிற மெக்கானிக்குக்கு அந்தப் பொருளை மறுப்பது கருணை ஆகாது.

செத்தவர்களின் வீட்டாருக்கு என்ன மிச்சம்? பழைய சட்டத்தில் அவர்கள் பழிவாங்குகிறவர்களாக மட்டுமே வருகிறார்கள். ஜப்பானில் 123-இன் உறவினர்கள் கூடி ஒரு மன்றம் அமைத்தார்கள். ஒவ்வோர் ஆகஸ்டிலும் விபத்து நடந்த ஒசுதாகா முகட்டுக்கு ஏறுகிறார்கள். பொறுப்பானவர்கள்மேல் வழக்குத் தொடரக் கேட்டார்கள். அரசு வழக்கறிஞர்கள் எவர்மீதும் வழக்குப் போடவில்லை. உடைந்த பாகங்களை அழிக்காமல் வைத்திருக்கவும் கேட்டார்கள். 2006இல் ஹனேடா விமான நிலையம் அருகே ஜப்பான் ஏர்லைன்ஸ் திறந்த பாதுகாப்பு மையத்தில் அந்தப் பின்சுவர், கிழிந்த வாக்கில், வைக்கப்பட்டிருக்கிறது. நிறுவனத்தின் ஊழியர்கள் பயிற்சிக்காக அதன் முன்னால் நிறுத்தப்படுகிறார்கள். தகடு இரண்டு துண்டாக இருந்தது என்பது அதில் தெரிகிறது. ஏன் அப்படி வெட்டினார்கள் என்பதை விபத்து அறிக்கை விளக்கவில்லை. 1978 ஜூனில் ஒசாகாவில் அந்தத் தகட்டைக் கையில் பிடித்தவர்கள் அதைப் பகிரங்கமாகச் சொல்லவும் இல்லை. அந்த மன்றத்தார் நாற்பது ஆண்டுகளாகக் கேட்டுவருவதில் இதுவும் ஒன்று.